பூவாத மாதங்கள்

(மதுரையில் ஒரு நூலக வாசகர் வட்டத்தில், கார்த்திகை மாத ஞாயிறு மாலை ஆற்றிய சொற்பொழிவு)



"பருவப் பூக்களும் வீட்டுத் தோட்டமும்" என்று தலைப்புக் கொடுத்து என்னை அழைத்திருக்கிறீர்கள். நல்ல தலைப்பு. பூவைப் பற்றிப் பேசுவது யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் நான் இன்று பூவைப் பற்றிக் கொஞ்சமாகவும், பூ இல்லாத மாதங்களைப் பற்றி நிறையவும் பேசப் போகிறேன். ஏன் என்று கேட்பீர்கள். நாற்பது வருடமாகச் செடி வளர்க்கிறேன். "உங்கள் வீட்டில் மட்டும் எப்படி இப்படிப் பூக்கிறது?" என்று கேட்காதவர்கள் இல்லை. அவர்கள் கேட்கிற நேரம் எது? செடி பூத்துக் குலுங்கும் நேரம். அந்த நேரத்தில் நான் சொல்வதற்கு ஒன்றுமே இருப்பதில்லை. அவர்களிடம் திருப்பி ஒரு கேள்விதான் கேட்பேன். பூவாத மாதத்தில் என்ன செய்தீர்கள்?

அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீட்டு முற்றத்தில், கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு மல்லிகை. கோடை முழுக்க அது கொடுத்த பூவுக்கு அளவே கிடையாது. அம்மா தொடுத்தது போக, பக்கத்து வீடுகளுக்குப் போகும், பிள்ளையாருக்குப் போகும், குடிதண்ணீர்ப் பானைக்குள்ளும் இரண்டு விழும். அப்படிப்பட்ட செடியை ஒரு கார்த்திகை மாதக் காலையில் என் அம்மா அரிவாளோடு வந்து வெட்டத் தொடங்கினார்கள். சுற்றிப் படர்ந்திருந்த கொடிகளையெல்லாம் முதலில் ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்டினார்கள், கூந்தலை அள்ளி முடிகிற மாதிரி. பிறகு முழங்கால் உயரத்தில் ஒரே சீராக வெட்டிக்கொண்டே போனார்கள். ஆள் உயரம் நின்ற செடி கால் மணி நேரத்தில் வெறும் குச்சிக் கட்டாக நின்றது. மிச்சமிருந்த இலைகளையும் விரலால் உருவிப் போட்டார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்கள்: "ஏன்டா அழுகுற? இப்ப வெட்டுனாத்தான்டா பங்குனியில நமக்குப் பூ. வெட்டாம விட்டா எலையத்தான் தொடுத்துத் தலையில வச்சுக்கிடணும்."

அம்மா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். அம்மா சொன்னதைத்தான் பிற்பாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்புகளில் நான் படித்தேன். குண்டு மல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து. பிச்சிக்கு டிசம்பர் கடைசி. முல்லைக்கு ஜனவரி கடைசி. கார்த்திகை, மார்கழி, தை என்று ஒவ்வொரு கொடிக்கும் ஒவ்வொரு மாதம். எங்கள் அம்மாவின் முழங்காலும் அந்த 50 சென்டிமீட்டரும் ஒரே உயரம்தான்!

ஏன் வெட்ட வேண்டும்? மல்லிகை அரும்பு கட்டுவது புதுத் துளிரின் நுனியில். பழைய கொடியில் எத்தனை இலை இருந்தாலும் அதில் அரும்பு வராது. வெட்டினால் கணுவுக்குக் கணு துளிர் உடையும். ஒரு நுனி இருந்த இடத்தில் மூன்று நுனி, நான்கு நுனி. அத்தனையும் பங்குனி வெயில் ஏற ஏற அரும்பாக மாறும். மார்கழிப் பனியில் மல்லிகை தானாகவே சுருங்கிக் கிடக்கிற செடி. அது ஓய்வெடுக்கிற நேரம் பார்த்துத்தான் நாம் கத்தரி எடுக்கிறோம். அதனால்தான் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மார்கழியிலும் தையிலும் மல்லிகை கிலோ ஆயிரங்களைத் தொடுகிறது. அதே மல்லிகை சித்திரை வைகாசியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும்போது விலை சரிகிறது. செடிக்குப் பனி பிடிக்காது, வெயில் பிடிக்கும். விலைப்பட்டியலைப் பார்த்தே செடியின் மனசைப் படித்துவிடலாம்.

வெட்டியதோடு வேலை முடிந்ததா? இல்லை. அடுத்துத்தான் தொடங்குகிறது. தூரைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்ணைக் கிளறிவிட்டு, இரண்டு நாள் வேர் காற்று வாங்க விட வேண்டும். பிறகு மக்கிய மாட்டெரு ஒரு கூடை, வேப்பம் புண்ணாக்கு இரண்டு கை. மண்ணை மூடித் தண்ணீர் விட வேண்டும். தை பிறந்ததும் சிவந்த துளிர் எட்டிப் பார்க்கும். மாசியில் பச்சை ஏறும். அந்த இரண்டு மூன்று மாதமும் செடியில் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. விருந்தாளி வந்தால், "என்ன, செடி பட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதைப் பொருட்படுத்தாமல் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் வீட்டுக்குத்தான் பங்குனியில் அரும்பு வரும்.

மல்லிகையைப் பற்றி இன்னொன்று. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நிற்கிற செடிகளின் நாற்று பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்திலிருந்து. அங்கே மணற்பாங்கான நிலத்தில் குச்சியை நட்டு வேர் பிடிக்க வைத்துக் கட்டுக் கட்டாக அனுப்புகிறார்கள். குச்சியை ஏன் நட வேண்டும், விதை போட்டால் என்ன? நம் அடுக்கு மல்லியும் குண்டு மல்லியும் நம் வீடுகளில் விதை கொடுப்பதில்லை. ஒன்று குச்சி, இல்லையென்றால் பதியன். தாழ்ந்த கொடி ஒன்றை வளைத்து, ஒரு கணுவை மண்ணுக்குள் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடிக்கும். தாய்ச்செடியிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். விதையிலிருந்து வந்தால் அது தாயின் பிள்ளை. குச்சியிலிருந்து வந்தால் அது தாயேதான். நீங்கள் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கு வரும்போது ஈரச்சாக்கில் சுற்றி ஒரு மல்லிகைக் குச்சி கொண்டுவந்தீர்கள் என்றால், இன்று உங்கள் வாசலில் நிற்பது உங்கள் அம்மா வீட்டுச் செடி. அந்த அம்மா அவர்கள் அம்மாவிடம் வாங்கி வந்திருந்தால், அது உங்கள் அம்மாச்சி வீட்டுச் செடி. அதே உயிர், இடம் மட்டும் மாறி மாறி வந்திருக்கிறது. யாரோ ஒருவர் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு குச்சியை நட்டு, அது துளிர்க்கிற வரைக்கும் காத்திருந்ததால்தான் இன்று உங்கள் கையில் பூ இருக்கிறது.

இப்போது உங்களை ஒரு வருடத்துக்குள் அழைத்துப் போகிறேன். எல்லா மாதத்திலும் நிற்கப் போவதில்லை. சில இடத்தில் மட்டும் நிற்போம்.

சித்திரையில் வேப்பம்பூ. அதை நாம் யாரும் நட்டு வளர்க்க வேண்டியதில்லை, தெருவே வளர்த்துத் தருகிறது. வெள்ளைத் துணி விரித்து உதிர்ந்ததை எடுத்துக் காயவைத்தால் வருடம் முழுக்க ரசத்துக்கு ஆகும். ஆடியில் விதைப்பு. புரட்டாசி தாண்டி ஐப்பசி வந்தால் பவழமல்லி.

பவழமல்லிக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் மொட்டு அவிழும். இரவெல்லாம் அந்துப்பூச்சிகளுக்காக மணக்கும். விடிகிற நேரத்தில் ஒவ்வொன்றாகத் தரைக்கு வரும், காம்பு மேலே பார்க்க, இதழ் கீழே பார்க்க. நீங்கள் ஆறு மணிக்கு எழுந்து போனால் மரம் காலியாக இருக்கும், தரை நிறைந்திருக்கும். தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாக இருக்கிற வீடுகளில்கூடப் பவழமல்லிக்கு மட்டும் விலக்கு உண்டு. சாணம் தெளித்த தரையில் அதைப் பொறுக்குவதற்கென்றே எங்கள் அப்பத்தா ஒரு சின்னப் பனையோலைக் கொட்டான் வைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிறக் காம்பை மட்டும் கிள்ளிக் காயவைத்தால் துணிக்குச் சாயம் ஏற்றலாம். இந்த மரம் கோடையில் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? இலை உதிர்ந்து, மிஞ்சிய இலையும் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று, பழுப்பேறி நிற்கும். அப்போது வெட்டி எறிந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஐப்பசியில் வந்து, "வச்சிருந்திருக்கலாம்" என்று சொன்னவர்களையும் எனக்குத் தெரியும்.

செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாநில மலர். கார்த்திகைப் பூ என்றே கிராமங்களில் சொல்வார்கள். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு ஏறும். மொட்டு பச்சையாக வரும், விரியும்போது அடி மஞ்சள், நுனி சிவப்பு, நாள் ஆக ஆக முழுவதும் சிவந்து நெருப்பு மாதிரி நிற்கும். அதெல்லாம் மழைக்காலத்தில் மட்டும்தான். பிறகு கொடி மொத்தமும் காய்ந்து, மண்ணோடு மண்ணாகிவிடும். தொட்டியைப் பார்த்தால் வெறும் மண். என்ன நினைப்போம்? செத்துவிட்டது என்று நினைப்போம். தொட்டியை எடுத்து வேறு செடி வைப்போம். உள்ளே ஏர்க்கலப்பை மாதிரி வளைந்த ஒரு கிழங்கு உறங்கிக்கொண்டிருக்கும். அந்த வடிவத்தால்தான் அதற்குக் கலப்பைக் கிழங்கு என்று பெயர். அந்த உறக்கத்தின்போது தண்ணீர் விட்டால் கிழங்கு அழுகும். சும்மா இருப்பதுதான் அப்போது அதற்குச் செய்கிற பராமரிப்பு. தொட்டியை மழை படாத ஓரத்தில் வைத்து, மேலே ஒரு குச்சி ஊன்றி அடையாளம் செய்துவிட்டு விலகிவிட வேண்டும். ஒரு எச்சரிக்கை. அந்தச் செடி முழுவதுமே நஞ்சு, கிழங்கு கொடிய நஞ்சு. தவழும் குழந்தை உள்ள வீட்டில் தயவுசெய்து வைக்காதீர்கள்.

பூவாத மாதத்தில் என்ன செய்தீர்கள்? வெட்டினேன் என்பது மல்லிகைக்குப் பதில். தொடாமல் இருந்தேன் என்பது காந்தளுக்குப் பதில். எந்தச் செடிக்கு எந்தப் பதில் என்று தெரிந்துகொள்வதுதான் தோட்டக்கலை.

அடுத்தது மார்கழி. மார்கழி என்றதும் கோலம், கோலத்தின் நடுவே சாணி உருண்டை, அதன் மேல் பூசணிப்பூ. இந்த மண்டபத்தில் அதைச் செய்யாத அம்மாக்கள் குறைவு. ஒன்று கேட்கிறேன். பூவைப் பறித்துவிட்டால் காய் எப்படி வரும்? எங்கள் அப்பத்தாவிடம் இதைக் கேட்டேன். என்னைக் கொடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார்கள். பூசணிக் கொடியில் இரண்டு வகைப் பூ இருக்கிறது. ஒன்று நீளமான, ஒல்லியான காம்போடு தனியாக நிற்கும். அது ஆண் பூ. இன்னொன்று தண்டை ஒட்டியே இருக்கும், அதன் அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு பிஞ்சு இருக்கும். அது பெண் பூ. கோலத்துக்குப் போவது நீளக்காம்புப் பூ மட்டும். அதிலும் எல்லாவற்றையும் பறிக்கக் கூடாது, வண்டுக்கென்று நாலு விட்டுவைக்க வேண்டும். "காம்பு நீண்டது சாமிக்கு, பிஞ்சு வச்சது வீட்டுக்கு" என்று அப்பத்தா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. விடியற்காலையில் விரிந்து வெயில் ஏறினால் மூடிக்கொள்கிற பூ அது. அந்த நேரத்துக்குள் தேனீ வரவில்லை என்றால், நீங்களே ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடலாம். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டும்.

மார்கழியிலேயே ஊதாவும் வெள்ளையுமாக டிசம்பர் பூ. மணமே கிடையாது. ஆனால் மல்லிகை ஓய்வெடுக்கிற மாதத்தில் நம் பெண்களின் தலைக்கு வந்து நிற்பது அதுதான். அந்தப் பூவின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இப்போது சாமந்திக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா மாடி ஓரமாகப் பத்துத் தொட்டியில் மஞ்சள் சாமந்தி வைத்திருந்தார்கள். ஒரே நாளில் வைத்த கன்று, ஒரே மண், ஒரே உரம். கார்த்திகை முடியும்போது ஏழு தொட்டியில் மொட்டு. மூன்று தொட்டியில் ஒன்றுமே இல்லை, இலை மட்டும் செழித்து நின்றது. "சார், இதுக்கு என்ன நோய்னு பாருங்க" என்று என்னை அழைத்தார்கள். பகலில் போய்ப் பார்த்தேன். நோய் இல்லை, பூச்சி இல்லை. வேரைத் தோண்டிப் பார்த்தேன். வேரும் நன்றாகவே இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மறுபடி போனேன். அப்போது தெரிந்தது. மாடிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தெருவிளக்கு. அதன் வெளிச்சம் விழுகிற இடத்தில்தான் அந்த மூன்று தொட்டியும் இருந்தன.

சாமந்தி இருட்டை அளக்கிற செடி. அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் இருந்தார்கள். கோடை முழுக்கப் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலைச் செடி ஏன் பூக்கவில்லை என்று அவர்கள் தேடினார்கள். உரமா, வெப்பமா, ஈரமா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் பகலின் நீளம்தான் காரணம் என்று 1920இல் வெளியிட்டார்கள். செடி உண்மையில் அளப்பது இரவை என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். இரவு போதுமான அளவுக்கு நீண்டால் சாமந்தி மொட்டு வைக்கும். நடுவில் வெளிச்சம் புகுந்தால் இன்னும் காலம் வரவில்லை என்று எண்ணிக்கொண்டு இலையை வளர்க்கும். நம் ஊரில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழி மாதப் பகலுக்கும் வித்தியாசம் எவ்வளவு? ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. அந்தச் செடி கவனிக்கிறது! ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் சாமந்தி வளர்க்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, வேண்டாத நேரத்தில் இரவில் விளக்குப் போட்டு மொட்டைத் தள்ளிப் போடுகிறார்கள், வேண்டும்போது கறுப்புத் துணியால் மூடி இருட்டைக் கொடுக்கிறார்கள்.

அக்காவிடம் தொட்டிகளைச் சுவர் மறைவுக்கு நகர்த்தச் சொன்னேன். தை மாதம் பொங்கல் கழித்து அந்த மூன்றும் மொட்டு வைத்தன. மற்ற ஏழும் வாடிய பிறகு இந்த மூன்றும் பூத்து நின்றன.

சாமந்தி வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூ முடிந்ததும் தொட்டியோடு குப்பையில் போட்டுவிடாதீர்கள். காய்ந்த தண்டைத் தரைக்கு ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். தூரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். சித்திரை, வைகாசியில் அவற்றைப் பிரித்துத் தனித் தனியாக நடுங்கள். ஒரு மாதம் கழித்து நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிளை பிரியும். ஒரு தொட்டி அடுத்த வருடம் ஐந்து தொட்டி.

சங்க இலக்கியம் படிக்கிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்லியிருப்பது உங்களுக்குத் தெரியும். அதைவிட எனக்கு நெருக்கமானது குறுந்தொகையில் வருகிற ஒரு தோழி. கார்காலத்தில் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி என்ன சொல்கிறாள்? இது கார்காலம் இல்லையம்மா, பருவம் தவறிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்து இந்தக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது என்கிறாள். ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் வறண்டு கிடந்த மண்ணில் திடீரென்று மழை விழுந்தால் சில செடிகள் காலத்துக்கு முன்னால் மொட்டு வைத்துவிடும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் எழுதிய பாட்டு அது. செடியைக் காலண்டராக வைத்து வாழ்ந்தவர்கள் நாம்.

சரி, நிலம் உள்ளவர்களுக்கு இதெல்லாம் ஆகும், அடுக்குமாடியில் இருக்கிற நாங்கள் என்ன செய்வது என்று முன்வரிசையில் ஒரு தங்கை முகத்திலேயே கேட்கிறார். சொல்கிறேன். உங்களுக்கு முதல் கேள்வி மண்ணைப் பற்றியது இல்லை, சூரியனைப் பற்றியது. உங்கள் பால்கனி எந்தப் பக்கம்? நம் தமிழ்நாட்டில் நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே நிற்பதில்லை. சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் அது நம் தலைக்கு நேராக வந்து, வடக்கே தாண்டிப் போய்விடும். ஆவணி வாக்கில்தான் தெற்கே திரும்பும். ஆகவே வடக்குப் பார்த்த பால்கனிக்குக் கோடையில் வெயில் உண்டு. அங்கே மல்லிகை வைக்கலாம், வைகாசிப் பூ கிடைக்கும். தெற்குப் பார்த்த பால்கனிக்கு மார்கழியில் வெயில் ஆழமாக உள்ளே வரும். அங்கே சாமந்தி வையுங்கள், பொன்னாகப் பூக்கும். ஒரு வருடம் எதுவும் வாங்காமல், மாதத்துக்கு ஒரு நாள், எத்தனை மணி வரைக்கும் வெயில் எந்த ஓடு வரைக்கும் வருகிறது என்று சாக்பீசால் கோடு போட்டுப் பாருங்கள். அதுவும் பூவாத மாதத்து வேலைதான்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்து செத்த செடிகளைவிட, தண்ணீர் அதிகமாகிச் செத்த தொட்டிச் செடிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆட்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். கத்திரி வெயிலில் மட்டும் காலையும் மாலையும் விட வேண்டும், மண்ணின் மேல் காய்ந்த சருகைப் பரப்பி மூடாக்குப் போட வேண்டும்.

செம்பருத்தி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே துன்பம், மாவுப்பூச்சி. நுனியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டு இலையைச் சுருட்டிவிடும். அதை மட்டும் பார்க்காதீர்கள். கொஞ்சம் கீழே பாருங்கள், தண்டில் எறும்பு வரிசை போகும். மாவுப்பூச்சி வெளிவிடுகிற இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதை மாடு மேய்ப்பது மாதிரி மேய்க்கிறது, காவல் காக்கிறது, இந்தக் கிளையிலிருந்து அந்தக் கிளைக்குக் கொண்டும் போகிறது. எறும்பை நிறுத்தாமல் பூச்சியை நிறுத்த முடியாது. தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே ஒரு கல் வைத்து அதன் மேல் ஏற்றுங்கள். ஈரத்துணியால் நுனிகளைத் துடையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம்.

ரோஜாவில் நான் பட்ட ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். சாலையோர நாற்றங்கால் ஒன்றில், ஏழெட்டுப் பூவோடு நின்ற செடியை ஆசையாக வாங்கி வந்தேன். பூவெல்லாம் உதிர்ந்தது. பிறகு செடி வளர்ந்தது, வளர்ந்தது, ஆள் உயரம் வளர்ந்தது. ஒரு மொட்டுக்கூட இல்லை. ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. நல்ல வகையின் மொட்டை ஒரு காட்டு ரோஜா வேரில் ஒட்டியிருப்பார்கள். எனக்குக் கிடைத்ததில் ஒட்டு பட்டுப்போய், அடி வேரிலிருந்து காட்டுத் தண்டு கிளம்பி முழுச் சாப்பாட்டையும் தின்றுகொண்டிருந்தது. ஒட்டுக்குக் கீழே வருகிற தளிரைக் கிள்ளிவிட வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. செடி விற்கிறவர்கள் இந்த ஒரு வரியையாவது சொல்லி அனுப்ப வேண்டும். பூவைப் பார்த்துச் செடி வாங்காதீர்கள். தண்டின் அடியில் அந்த ஒட்டு முண்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நடும்போது அது மண்ணுக்கு மேலே இருக்கட்டும்.

இன்னும் ஒரே ஒரு பூ. அதைச் சொல்லாமல் இறங்க மனம் வரவில்லை. நிஷாகந்தி. பிரம்ம கமலம் என்று நம் ஊரில் சொல்கிறோம். இமயமலையில் உள்ள பிரம்ம கமலம் வேறு செடி. நம் வீடுகளில் இருப்பது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த கள்ளி இனம். நாம் இலை என்று நினைப்பது தட்டையான தண்டு, அதன் ஓரத்திலிருந்துதான் மொட்டு தொங்கும். வருடத்தில் முந்நூற்றைம்பது நாளுக்கு மேல் அது ஒரு மூலையில், பார்க்க லட்சணமில்லாமல், கோணல்மாணலாகக் கிடக்கும். மொட்டு வளைந்து நிமிர்ந்த அன்று சாயங்காலமே எங்கள் அம்மா தெருவுக்குச் சொல்லி அனுப்புவார்கள். எட்டரை மணிக்கு ஒவ்வொருவராக வருவார்கள். முற்றத்தில் பாய் விரித்திருக்கும், சுக்குக் காபி கொதிக்கும். ஒன்பது மணிக்கு மொட்டின் நுனியில் ஒரு சின்ன வாய் திறக்கும். கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் இதழ் நடுங்குவது தெரியும். பத்தரை மணிக்குக் கை அகலம். வாசனை கிணற்றடி வரைக்கும் போகும். வேறு எதற்காகவும் ஒன்றாக உட்காராத வீட்டுக்காரர்கள் அன்று ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்தடுத்த வீட்டு எல்லைத் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு பெரியவர்கள், "மணி என்ன ஆச்சு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதை நான் அந்த முற்றத்தில் பார்த்திருக்கிறேன். காலையில் பூ தலை தொங்கிவிடும்.

நேரம் ஆகிவிட்டது, நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்று கார்த்திகை மாதம் என்பதைத் திரும்பவும் நினைவுபடுத்துகிறேன். இன்று காலையில்தான் எங்கள் வீட்டு மல்லிகையைக் கவாத்துச் செய்தேன். கிணற்றடிச் செடியின் குச்சிதான் அது, அம்மா கொடுத்தது. வெட்டிய கொடிகளில் நல்ல முற்றிய குச்சிகளாகப் பார்த்து, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளியில் ஈரச்சாக்குச் சுற்றி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வாக வெட்டியிருப்பது அடிப்பக்கம், நேராக வெட்டியிருப்பது மேல்பக்கம், தலைகீழாக ஊன்றிவிட வேண்டாம். மணலும் மண்ணும் சரிபாதி. இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு கணு வெளியே. நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிழைத்ததா என்று பிடுங்கிப் பார்க்கக் கூடாது. ஒன்றரை இரண்டு மாதத்தில் கணுவில் துளிர் வரும். வருகிற கோடையில் அவசரப்பட்டு ஒன்றிரண்டு அரும்பு எட்டிப் பார்த்தால் கிள்ளிவிடுங்கள், வேர் ஊன்றட்டும். அதற்கு அடுத்த கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். பிள்ளைகள் அழுதால் பக்கத்தில் கூப்பிட்டு, கயிற்றின் ஒரு முனையை அவர்கள் கையில் கொடுங்கள்.